கொடைக்கானல் போறீங்களா? ஏரிக்கு முன்னாடி இதைப் பாருங்க!

கொடைக்கானல் என்றதும் படகு, சைக்கிள், குதிரை சவாரி, வீட்டுச் சாக்லேட் என்றுதான் திட்டம் போடுவோம். ஆனால், மலையேறும் வழியிலேயே பல நூற்றாண்டுக் கதை காத்திருக்கிறது. ஒரு நாள் ஒதுக்கினால் போதும்.

குள்ளர் குகை

பழநியிலிருந்து வந்தாலும், வத்தலக்குண்டிலிருந்து வந்தாலும் பெருமாள்மலையைத் தாண்டித்தான் கொடைக்கானலுக்குள் நுழைய வேண்டும். அங்கிருந்து பிரிந்து சென்றால் பேத்துப்பாறை. பலகைக் கற்களைச் சுவர்போல நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடிய சின்னச் சின்ன அறைகள் இங்கே உண்டு. 'குள்ள மனிதர்கள் வாழ்ந்த வீடு' என்பது ஊர்க்கதை. உண்மையில் இவை இறந்தவர்களுக்காக எழுப்பப்பட்ட கற்திட்டைகள் என்கிறார்கள் தொல்லியல் அறிஞர்கள். கீழ்மலைத் தாண்டிக்குடியில் நடந்த அகழாய்வில் சூதுபவள மணிகளும் கிடைத்திருக்கின்றன.

செண்பகனூர் அருங்காட்சியகம்

1895-ல் இயேசு சபையினர் தொடங்கிய திரு இருதயக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது இந்த அருங்காட்சியகம். பாடம் செய்யப்பட்ட விலங்குகள், பறவைகள், பாம்புகள், பட்டாம்பூச்சிகள் என்று குழந்தைகள் நகரவே மாட்டார்கள். இங்கே வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஆங்லேட், மலைச் செடிகளை வண்ண ஓவியங்களாக வரைந்தவர். கற்திட்டைகளைத் தேடி மலை மலையாக அலைந்தவரும் அவரே. நியூட்டன் என்பவருடன் சேர்ந்து அவர் எழுதிய ஆய்வை, 1928-ல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது.

சூரிய ஆய்வகம்

ஏரிக்கு மேலே, சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஆய்வகத்தில் 1901 முதல் சூரியனைக் கண்காணித்து வருகிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை 1909-ல் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது இங்கேதான். இன்று உலகமே அதை 'எவர்ஷெட் விளைவு' என்கிறது. பார்வையாளர்களுக்கு இங்கும் ஒரு காட்சிக்கூடம் உண்டு. பார்வை நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோள்

அருங்காட்சியகத்துக்குக் கதவு உண்டு. ஆய்வகத்துக்குக் காவல் உண்டு. மூன்றிலும் மூத்த கற்திட்டைகளோ வெட்டவெளியில் நிற்கின்றன. பல ஏற்கெனவே சரிந்துவிட்டன. கூரைக்கல் மேல் ஏறி செல்ஃபி எடுக்காதீர்கள், பெயரைக் கிறுக்காதீர்கள். 'இது யாரோ தங்கள் வீட்டுப் பெரியவருக்குக் கட்டியது' என்று குழந்தைகளிடம் சொல்லுங்கள். அவர்களே தள்ளி நின்று பார்ப்பார்கள்!