திபெத்திய மொழி பயில எந்நூல் நன்று?

சென்ற மாதம் பதுளையில் நம் இல்லம் தேடி ஒரு மாணவன் வந்தான். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றைச் சேர்ந்தவன். தாய் கொழுந்து பறிப்பவர். "சேர், பழைய திபெத்திய மொழி படிக்க ஆசை. ஒரு புத்தகத்துக்குத்தான் காசு இருக்கிறது. எதை வாங்கலாம்?" என்றான்.

தோட்டத்துப் பிள்ளைக்குத் திபெத்திய மொழி எதற்கு என்று சிலர் நகைக்கக்கூடும். மணிமேகலையின் அளவைப் பகுதியைப் பயின்றோர் பௌத்தத் தருக்க ஆசிரியர் திக்நாகரை அறிவர். அவர் காஞ்சியை அடுத்த ஊரினர் என்பது மரபு. அவருடைய 'பிரமாண சமுச்சயம்' இன்று நமக்கு முழுமையாகக் கிடைப்பது திபெத்திய மொழிபெயர்ப்பிலேயே. தென்னாட்டுச் செல்வத்தைப் பனிமலைக்கு அப்பால் காத்த மொழி அது.

இளமையில் நாமும் இவ்வாசை கொண்டோம். 1902இல் கல்கத்தாவில் வெளியான சரத் சந்திர தாசரின் பேரகராதியை முதலில் வாங்கினோம். சில வாரங்களில் சோர்ந்து மூடிவைத்தோம். திபெத்திய மொழியில் எழுத்து வேறு, ஒலி வேறு. எட்டு என்னும் சொல்லில் ப, ர, க, ய, த என ஐந்து எழுத்துகள் உண்டு. ஒலிப்பதோ 'கியே' என்பது போல. எது முதன்மை எழுத்து என்றறியாதவனுக்கு அகராதி பூட்டிய பெட்டியே!

ஆகவே, எழுத்துக் கூட்டலையும் வேற்றுமையையும் பொறுமையாகக் கற்பிக்கும் நூலே முதலில் வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டு நூல்கள் குறிப்பிடத்தக்கவை. ஸ்டீபன் ஹாட்ஜ் எழுதியது (1990) சிறியது. ஆசிரியர் துணை உள்ளவர்க்கு ஏற்றது. ஜோ வில்சன் எழுதியது (1992) பருத்தது. தனியே பயில்வோர்க்கும் விளங்கும்படி விரித்துரைப்பது. இம்மாணவனுக்கு இரண்டாவதையே சொன்னோம்.

நன்னூல் கற்றவனுக்கு இதில் ஒரு நன்மையும் உண்டு. திபெத்திய இலக்கணிகளும் வேற்றுமை எட்டென்றே கொள்வர். வினை அங்கும் இறுதியில் வரும். உருபு பெயரின் பின் நிற்கும். நம் 'ஆல்' உருபு கருவியையும் கருத்தாவையும் உணர்த்துவதுபோல், அங்கும் ஒரே உருபு இரண்டையும் உணர்த்தும். ஆங்கிலேயன் இடறும் இடத்தில் தமிழ் மாணவன் எளிதில் நடப்பான்.

"ஒரு நூலை இறுதிப் பக்கம்வரை முடித்த பின்பே அடுத்ததை நாடு" என்று கூறி அனுப்பினோம். அவன் போனபின், நம் பழைய அகராதியின் தூசியைத் தட்டினோம். அவன் அந்நூலை முடித்து வரும் நாளில் அது அவனுக்கே உரியது.