ஈயம் என்பது யாது? – ஒரு சொல்லும் தனிம அட்டவணையும்

படிவம் நான்கில் வேதியியல் பயிலும் என் பேத்தி, ஒருநாள் மாலை பாடநூலும் கையுமாக என்னிடம் வந்தாள். மலாய்ப் பாடநூலில் 'பிளம்பம்' நச்சுத்தன்மை உடையது எனப் படித்திருக்கிறாள். அகராதியைப் புரட்டினால், அதற்கு 'ஈயம்' எனப் பொருள் தந்திருக்கிறது. "தாத்தா, பாட்டி ஈயச் சொம்புலதானே ரசம் வைக்கிறாங்க?" என்று கேட்டாள். அவ்வினாவே இவ்வுரையின் தோற்றுவாய்.

அகராதி பிழைபடவில்லை, பாட்டியும் பிழைபடவில்லை. ஒரே சொல் இரு பொருள்களைச் சுமந்து நிற்பதே இக்குழப்பத்தின் காரணம். தமிழில் ஈயம் என்பது பொதுப்பெயர். அதற்கு அடைகொடுத்து வெள்ளீயம், காரீயம் என இருவகைப்படுத்தினர் நம் முன்னோர். மலாய் மொழியிலும் 'தீமா பூத்தே', 'தீமா ஹீத்தாம்' என வெண்மையும் கருமையும் கொண்டே இவ்விரண்டும் பிரிக்கப்பட்டன. பண்டைய உரோமானியரும் 'பிளம்பம் ஆல்பம்', 'பிளம்பம் நைக்ரம்' என்றே வழங்கினர். மூன்று வேறு மொழிக்குடும்பங்கள் ஒரே வகைப்பாட்டைக் கண்டமை தற்செயலன்று. இரண்டும் மென்மையானவை, எளிதில் உருகுபவை. இரும்பு உருக 1538 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். வெள்ளீயம் 232 பாகையிலும் காரீயம் 327 பாகையிலும் உருகிவிடும். கண்ணும் கையும் கண்ட ஒற்றுமை சொல்லாயிற்று.

ஆனால், பேச்சு வழக்கில் அடைமொழி உதிர்ந்துவிடுகிறது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கம் என்று நாம் கூறும்போது வெள்ளீயத்தைக் குறிக்கிறோம். பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசுவதும் வெள்ளீயமே. வேதியியல் நூலிலோ வெறும் ஈயம் என்றால் பெரும்பாலும் காரீயம். போதாக்குறைக்கு, இலங்கைத் தமிழ் வழக்கில் காரீயம் என்பது பென்சிலின் உள்ளே இருக்கும் கிராஃபைட்டைக் குறிக்கும். ஆங்கிலேயரும் கிராஃபைட்டை ஈயவகை என எண்ணி அவ்வாறே பெயரிட்டு மயங்கியவரே. அது கரியின் ஒரு வடிவமே என்பதை 1779-இல் ஷீலே என்னும் வேதியியலார் காட்டினார்.

இம்மயக்கத்தைத் தீர்ப்பது அணு எண். ஓர் அணுவின் கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையே அது. 1913-இல் மோஸ்லி என்னும் இளம் ஆய்வாளர் எக்ஸ் கதிர்களைக் கொண்டு இவ்வெண்ணுக்கு ஆய்வுச் சான்று தந்தார். கரி 6, வெள்ளீயம் 50, காரீயம் 82. மொழி மாறினும் எண் மாறாது.

இனி ஒரு வியப்பு. சொல்லளவில் நம்மை மயக்கிய இம்மூன்றும் தனிம அட்டவணையில் ஒரே நெடுவரிசையில், பதினான்காம் தொகுதியில், நிற்கின்றன. மேலிருந்து கீழாகக் கரி, சிலிக்கன், ஜெர்மானியம், வெள்ளீயம், காரீயம் என்பது வரிசை. இவை ஒவ்வொன்றின் அணுவிலும் வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள் உள்ளன. ஆகவே இவை பிற தனிமங்களோடு சேரும் முறையிலும் உறவு தெரிகிறது. நாம் வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவில் ஒரு கரி அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன் அணுக்கள். கடற்கரை மணலின் பெரும்பகுதியில் ஒரு சிலிக்கன் அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன் அணுக்கள். கிந்தாவில் தோண்டிய கேசிட்டரைட் தாதுவிலும் ஒரு வெள்ளீய அணுவுக்கு இரண்டே.

இவ்வட்டவணையின் ஆற்றலைத் தமிழ் மாணவர்க்கு உணர்த்த நம் உயிர்மெய் அட்டவணையே போதும். 'ஙௌ' என்னும் எழுத்து வரும் சொல்லை எவரும் கண்டதில்லை. எனினும் மெய்யின் வரிசையும் உயிரின் வரிசையும் அறிந்த குழந்தை அதனைத் தயங்காமல் ஒலிக்கும். 1869-இல் மெண்டலீவ் அட்டவணையை வெளியிட்டபோது அறியப்பட்டிருந்த தனிமங்கள் 63 மட்டுமே. சிலிக்கனுக்கும் வெள்ளீயத்திற்கும் இடையே ஓர் இடம் வெறுமையாயிருந்தது. அங்கு வரவேண்டிய தனிமத்திற்கு அவர் 'ஏகசிலிக்கன்' எனப் பெயரிட்டார். 'ஏக' என்பது ஒன்று எனப் பொருள்படும் வடமொழி எண்ணுப்பெயர். சிலிக்கனுக்கு அடுத்த ஒன்று என்பது கருத்து. அதன் அணு நிறை 72, அடர்த்தி 5.5 என்றும் கணித்தார். 1886-இல் விங்க்ளர் ஜெர்மானியத்தைக் கண்டறிந்தார். அதன் அணு நிறை 72.6, அடர்த்தி 5.3.

எனினும் உறவு வேறு, ஒருமை வேறு. இத்தொகுதியில் மேலே உள்ள கரி அலோகம். நடுவிலுள்ள சிலிக்கனும் ஜெர்மானியமும் குறைகடத்திகள். கீழுள்ள இரண்டும் உலோகங்கள். அவ்விரண்டிலும் வெள்ளீயம் உணவுத் தகரங்களின் உட்பூச்சாகப் பயன்படுகிறது. காரீயமோ உடலில் தங்கிச் சேர்ந்து, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். புளியின் அமிலம் காரீயத்தைக் கரைத்து உணவில் கலக்கும். எனவே, சொல் மயக்கம் இங்கே வெறும் சொல்லாராய்ச்சிக்கு உரியதன்று. 'ஈயம் நஞ்சு' எனக் கேட்டு நல்ல வெள்ளீயச் சொம்பை எறிந்துவிடுவோரும் உண்டாகலாம். 'ஈயம் நம் மரபு' என நம்பிக் காரீயம் கலந்த பாத்திரத்தில் சமைப்போரும் உண்டாகலாம். பின்னது பெருங்கேடு.

நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் ஆறாண்டு தமிழில் அறிவியல் பயின்று, இடைநிலைப்பள்ளியில் வேறு மொழிக்கு மாறுகின்றனர். அவ்வாறு மாறும் மாணவருக்குக் கலைச்சொல் பாலமாக அமைதல் வேண்டும். ஜெர்மானியம், சிலிக்கன் போன்ற பெயர்களை ஒலிபெயர்த்து ஏற்பதில் இழுக்கில்லை. அவற்றைக் காணும் முன்பே நம்மிடம் பெயர் இருந்ததில்லை. ஆனால் நமக்கென இருக்கும் பழஞ்சொற்களை அடைமொழியோடு முழுமையாக வழங்குவோம். பாடநூலிலும் செய்தியிலும் வெறும் 'ஈயம்' வேண்டா. வெள்ளீயம் 50, காரீயம் 82 என எண்ணும் உடன் நிற்கட்டும்.

பேத்திக்கு நான் கூறிய விடை இதுவே: "பாட்டியின் சொம்பு ஐம்பதாம் எண்ணாக இருந்தால் அச்சமில்லை. எண்பத்திரண்டு கலந்திருக்குமோ என ஐயம் எழுந்தால், ஆய்வகத்தில் சோதிக்கும்வரை அதில் சமைக்க வேண்டாம்." அன்றிரவு ரசம் எவர்சில்வர் பாத்திரத்தில் கொதித்தது.