சாட்சி சொல்லத் தகுதியுடையோர் யார்?

நூல் அலமாரியில் நிலைக்கும். ஓவியம் சுவரில் நிலைக்கும். நாடகமோ திரை விழுந்ததும் முடிந்துபோகும் கலை. நடிகரின் குரலும் பாவனையும் அன்றிரவே காற்றோடு கலந்துவிடுகின்றன. பின்வரும் தலைமுறைக்குப் பெரிதும் எஞ்சுவது, கண்டவர் எழுதி வைத்த விமர்சனமே. எனவே விமர்சகர் ஒரு சாட்சி. அவர் கையிலுள்ள பேனா ஓர் அமானிதம். அந்தச் சாட்சி மேடையில் நிற்பவரின் வாழ்வை அறியாதவராகவோ, அவரது நிறத்தை இகழ்பவராகவோ இருந்துவிட்டால் என்ன நேரும்?

இலண்டனில் ஓர் ஒதெல்லோ

வரலாறு இதற்கு விடை தருகிறது. 1807இல் நியூயார்க்கில் பிறந்த கறுப்பின நடிகர் ஐரா ஆல்ட்ரிட்ஜ், தாயகத்தில் தமக்கு இடமில்லை என்று கண்டு இங்கிலாந்து சென்றார். 1833 மார்ச்சில், ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவாக நடித்துக்கொண்டிருந்த புகழ்மிக்க எட்மண்ட் கீன், காவென்ட் கார்டன் அரங்கின் மேடையிலேயே நிலைகுலைந்து சாய்ந்தார். ஏப்ரலில் அவ்வேடம் ஆல்ட்ரிட்ஜை வந்தடைந்தது. ஒதெல்லோ ஒரு மூர். வெள்ளை நடிகர்கள் முகத்தில் நிறம் பூசி ஏற்று வந்த வேடம் அது. ஆயினும் இலண்டன் ஏடுகள் சில, ஆல்ட்ரிட்ஜின் நடிப்பை எடைபோடுவதை விட்டு அவரது தோலை எடைபோட்டன. இரண்டே இரவுகளில் அங்கு அவரது நாடகம் நின்றது. பின்னாளில் ஐரோப்பிய நாடுகள் பலவும் அவரைப் போற்றின. என்றாலும் அந்த இரு இரவுகளை அறிய விரும்புவோர், இன்றும் அந்த ஏடுகளைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

அஞ்சலக ஊழியரின் பேனா

பிறர் சாட்சியம் கோணலாயிருப்பின் என்ன செய்வது? கறுப்பின மக்கள் தங்கள் பத்திரிகைகளிலேயே விடை கண்டனர். 1917இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட 'மெசஞ்சர்' என்னும் மாத இதழில், 1923 முதல் 1927 வரை நாடக விமர்சனம் எழுதியவர் தியோஃபிலஸ் லூயிஸ். பிழைப்புக்கு அஞ்சலக வேலை. ஆர்வத்திற்கு நாடக அரங்கு.

அவர் தம்மவர் என்பதற்காக எவரையும் தாலாட்டவில்லை. கறுப்பினத்தாரின் இசை நாடகங்களிலேயே, வெளிர்நிறப் பெண்களைத் தேர்ந்தெடுத்து நடனக் குழுவில் நிறுத்தும் வழக்கத்தைக் கண்டித்தார். தங்கள் வாழ்வைச் சொல்லும் நாடகாசிரியர்கள் எழ வேண்டும் என்று இடைவிடாது வற்புறுத்தினார். சொந்த வீட்டின் குறையை உரிமையோடு எடுத்துரைப்பவரே மெய்யான விமர்சகர் என்பதற்கு அவரது எழுத்து சான்று.

சொல்லாத சொல்

விமர்சனத்திற்குப் பொருந்துவது நேர்காணலுக்கும் பொருந்தும். 1959 மார்ச்சில் லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் நாடகம் பிராட்வேயில் அரங்கேறியது. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதிய நாடகம் அங்கு மேடை கண்டது அதுவே முதன்முறை. அவ்வாண்டின் நியூயார்க் நாடக விமர்சகர் வட்ட விருதும் அதற்கே கிடைத்தது. அப்போது வந்த ஒரு செய்தித்தாள் நேர்காணல், தாம் எழுத்தாளர் மட்டுமே, கறுப்பினத்தவராயிருப்பது தற்செயல் என்ற பொருளில் அவர் கூறியதாக அச்சிட்டது. தாம் அவ்வாறு சொல்லவே இல்லை என்று, கத்தரித்து வைத்த அத்தாளின் ஓரத்தில் அவர் குறித்து வைத்தார். அச்சில் ஏறிய சொல்லோ பல்லாண்டுகள் அவர் பெயரால் உலவியது. கேட்பவர் மனத்தில் முன்கூட்டியே விடை இருந்தால், சொல்பவரின் சொல்லும் திரிந்துபோகும் அன்றோ!

கண்களைக் கூட்டுவோம்

2020இல் கனடாவின் டொரொண்டோ நகரில், பூர்வகுடி மரபில் வந்த நாடகக் கலைஞர் யோலாண்டா பொனெல், தம் நாடகத்தைப் பூர்வகுடியினர், கறுப்பினத்தவர், பிற நிறத்தவர் ஆகியோர் மட்டுமே விமர்சிக்க வேண்டுமெனக் கோரினார். நிறம் பார்த்து விமர்சகரைத் தேர்வது முறையா என்ற எதிர்க்குரலும் எழுந்தது. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. தோலின் நிறம் மட்டுமே அறிவைத் தந்துவிடாது. ஆனால் ஒரே வகைக் கண்கள் நெடுங்காலம் பார்த்துத் தீர்ப்பெழுதிய அநீதியும் மறுக்கத்தக்கதன்று. ஒரு கண்ணை மூடுவதைக் காட்டிலும் பல கண்களைத் திறப்பதே நீதிக்கு நெருக்கமானது.

இவ்வினா நமக்கும் தொலைவிலுள்ளதன்று. 2013இல் புலிட்சர் பரிசு பெற்ற அயாத் அக்தரின் நாடகம், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து மார்க்கத்தினின்று விலகிய அமெரிக்க வழக்கறிஞர் ஒருவரைப் பற்றியது. அப்பாத்திரம் ஒரு தனிமனிதனா, ஒரு சமுதாயத்தின் முகமா? முஸ்லிம் இல்லத்தின் உள்முற்றத்தை அறிந்தவரும் இக்கேள்விக்கு விடை எழுத வேண்டாமா?

நம் பிள்ளைகளுள் எழுத வல்லோர் பலர் உளர். மருத்துவமும் பொறியியலும் பயிலட்டும். கண்டதை நேர்மையாக எழுதும் கலையையும் பயிலட்டும். நம்மைப் பற்றிய சாட்சியத்தைப் பிறரிடமே விட்டுவிட்டுப் பின்னர் வருந்துவதில் பயனில்லை.