ஊரும் அடுப்பும் – 9
கங்கு கனியட்டும்

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றித் தள்ளுவண்டிகள் வந்துவிடும். நான் தேடிப்போவது மக்காச்சோளக் கருது சுடும் வண்டியை. இரும்புச் சட்டி நிறையக் கரி, அதன் பக்கத்தில் கையால் சுற்றும் காற்றாடி, ஒரு கிண்ணத்தில் உப்பும் மிளகாய்த்தூளும், பாதியாய் நறுக்கிய எலுமிச்சை. கடையே அவ்வளவுதான்.

"செத்த பொறுங்கண்ணே, கங்கு இன்னும் கனியல" என்றார் வண்டிக்கார அக்கா.

கரியில் சமைப்பதன் வித்தை முழுக்க அந்தப் பொறுமையில் இருக்கிறது. தீ நாக்கு நீட்டும்போது கருதை வைத்தால் மேலே கருகி உள்ளே பச்சையாகவே நிற்கும். சுவாலை அடங்கி, கரியின் மேல் வெள்ளையாய்ச் சாம்பல் பூத்த பிறகு வருகிற சூடு வேறு. நிதானமாக, எல்லாப் பக்கமும் ஒரேபோல் வீசும். அப்போது வைத்து, வரிசை வரிசையாகத் திருப்பினால் மணி ஒவ்வொன்றும் பொன்னிறமாகி, படபடவென்று வெடிக்கும்.

எங்கள் அப்பத்தாவிடம் ஒரு கும்மட்டி அடுப்பு இருந்தது. ஓட்டை வாளிக்கு உள்ளே களிமண் பூசி, நடுவில் கம்பி பதித்து, அடியில் காற்றுக்கு வாய் வெட்டியது. பொழுது சாய்ந்ததும் கொல்லைக்குத் தூக்கிப்போய், பனையோலை விசிறியால் விசிறி, கத்தரிக்காயோ கருவாடோ சுடுவார். இன்று கடைகளில் பார்பிக்யூ அடுப்பு என்று விற்பதும் இதே அமைப்புதான். அடியில் காற்று, நடுவில் கரி, மேலே கம்பி. வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: மழை வந்தாலும் அதை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. மூடிய அறையில் ஆளைக் கொன்றுவிடும்.

தென்மாவட்டக் கரிக்குப் பேர்போன இடம் முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கம். எல்லாம் சீமைக்கருவேலம். நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்று ஊரே வைகிற மரம். 2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் ஊர் ஊராக வெட்டினார்கள். அந்த மரத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் மழை பொய்த்த வருடங்களில் வானம் பார்த்த பூமிக்காரர்களுக்குக் கஞ்சி ஊற்றியது அதுதான் என்பதை மறக்கவும் மாட்டேன்.

விறகை அடுக்கி, வைக்கோலோ தழையோ பரப்பி, மண்ணால் மூடித் தீ வைப்பதுதான் கரிமூட்டம். நாள்கணக்கில் புகையும். ஒரு கிலோ கரிக்கு ஏறக்குறைய நாலைந்து கிலோ விறகு போகும். முதலில் வெள்ளையாய்க் கனத்து வரும் புகை, போகப்போக மெலிந்து நீலம் பாயும். அதுவரை இரவிலும் ஒருவர் கண்விழித்துக் காவல் இருக்கவேண்டும். மண் ஓரிடத்தில் விரிந்து காற்று புகுந்தால் அத்தனை உழைப்பும் சாம்பல். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களின் நெஞ்சைப் பற்றி நாம் கேட்பதே இல்லை.

ராத்திரி வியாபாரம் முடிந்ததும் அக்கா சட்டியின் மேல் ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்து, ஓரங்களில் ஈரத்துணியைச் சுற்றினார். காற்று இல்லாமல் கங்கு தானாக அணையும். கமுதியில் மண்ணைப் போட்டு மூடுகிற அதே வேலை.

"பாதி எரிஞ்ச கரிதாண்ணே நாளைக்குச் சட்டுன்னு பிடிக்கும்" என்றார்.

(தொடரும்)