மாட்டுக்கு நாள் கணக்கு, கைப்பேசியில் குறிப்பு

மாடு பேசாது. ஆனால் மாட்டுக்கு நாள் கணக்கு உண்டு.

பசு 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். அப்போது கத்தும். தீவனம் சரியாகத் தின்னாது. பின்புறம் கண்ணாடி போல வழும்பு வடியும். இந்தப் பருவம் ஏறக்குறைய 12 முதல் 18 மணி நேரம்தான் இருக்கும். காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலை சினை ஊசி போட வேண்டும். மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில் போட வேண்டும்.

அந்த நேரம் தவறினால் என்ன ஆகும்? இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 21 நாளும் மாடு தின்னும். வைக்கோல் வேண்டும். பிண்ணாக்கு வேண்டும். கன்று தள்ளிப்போகும். பாலும் தள்ளிப்போகும். இரண்டு முறை தவறினால் ஒன்றரை மாத வருமானம் போய்விடும்.

எருமை இன்னும் கடினம். பல எருமைகள் பருவத்தில் கத்துவதே இல்லை. இதை ஊமைப் பருவம் என்பார்கள். நாள் தெரிந்தால்தான் கவனிக்க முடியும்.

ஒரு மாடு என்றால் மனக்கணக்குப் போதும். மூன்று மாடு இருந்தால்? எதற்கு எப்போது ஊசி போட்டோம்? தடுப்பூசி எந்த மாதம்? மனக்கணக்கு குழம்பும். உலகிலேயே அதிகப் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. அந்தப் பாலில் பெரும் பங்கு, சில மாடுகளே வைத்திருக்கும் சிறு குடும்பங்களில் இருந்து வருகிறது. அந்த வீடுகளில் சுவரில் கரிக்கோடு போட்டு நாள் எண்ணும் பழக்கம் உண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால் சுவரை வெள்ளையடித்தால் கணக்கும் போய்விடும்.

இப்போது பல வீடுகளில் தொடு கைப்பேசி இருக்கிறது. அதில் குறிப்பு எழுத ஓர் இடம் உண்டு. 'நோட்ஸ்' என்று பெயர் இருக்கும். எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு குறிப்பேடு.

வெறும் எழுத்து

குறிப்பில் படம் சேர்க்கலாம். நிறம் சேர்க்கலாம். கட்டம் போடலாம். இவை எதுவும் தேவையில்லை. எழுத்தும் எண்ணும் மட்டும் போதும். இதை வெறும் எழுத்துக் குறிப்பு என்று சொல்லலாம். கைப்பேசிக் கடைக்காரர் 'பிளெயின் டெக்ஸ்ட்' என்பார்.

வெறும் எழுத்தில் என்ன லாபம்? அது மிகக் குறைந்த இடத்தைத்தான் எடுக்கும். ஒரு புகைப்படம் பிடிக்கும் இடத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதலாம். பழைய கைப்பேசி, புதிய கைப்பேசி, கணினி எல்லாவற்றிலும் திறக்கும். செய்தியாக இன்னொருவருக்கு அனுப்பலாம். கைப்பேசியை மாற்றினாலும் கணக்கு கூடவே வரும்.

பெரிய படிப்புப் படித்தவர்களும் இந்த வழியில் எழுதுகிறார்கள். கார்ஸ்டன் டொமினிக் என்பவர் வானியல் அறிஞர். தன் வேலைகளைக் குறித்து வைக்க 2003இல் 'ஆர்க் மோட்' என்ற கணினிக் கருவியை உருவாக்கினார். அதில் தலைப்புக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி. செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு சொல். முடிந்த வேலைக்கு இன்னொரு சொல். அடிப்படை இவ்வளவுதான். அது கணினிக்கு உரியது. ஆனால் அந்த யோசனையை எந்தக் கைப்பேசியிலும் பயன்படுத்தலாம்.

எழுதும் முறை

ஒரு பசுவின் பெயர் லட்சுமி என்று வைத்துக்கொள்வோம். 2026 ஜனவரி 10ஆம் தேதி அதற்குச் சினை ஊசி போட்டார்கள். அன்றே இப்படி எழுதலாம்:

* லட்சுமி
ஆச்சு 2026-01-10 சினை ஊசி, முதல் தடவை
பாக்கி 2026-01-31 பருவம் வருகிறதா பார்க்க
பாக்கி 2026-04-10 சினைப் பரிசோதனை
பாக்கி 2026-08-18 கறவை நிறுத்த
பாக்கி 2026-10-17 கன்று ஈனும் நாள்

இந்த நாட்கள் எப்படி வந்தன? ஊசி போட்ட 21ஆம் நாள் மாட்டைக் கவனிக்க வேண்டும். மீண்டும் பருவம் வந்தால் சினை பிடிக்கவில்லை. வராவிட்டால் பிடித்திருக்கலாம். உறுதியாகத் தெரிய 90 நாள் கழித்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். ஊசி போட்ட தேதியோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டினால் அந்தக் கணக்கு வந்துவிடும். கன்று ஈனுவதற்கு 60 நாள் முன்பு கறவையை நிறுத்த வேண்டும். அந்த இரண்டு மாதம் மடிக்கு ஓய்வு. அப்போதுதான் அடுத்த ஈற்றில் பால் நன்றாக இருக்கும். எருமைக்குச் சினைக்காலம் இதைவிட நீளம். ஏறக்குறைய 310 நாள்.

ஒரு வேலை முடிந்ததும் 'பாக்கி' என்ற சொல்லை அழித்து 'ஆச்சு' என்று எழுத வேண்டும். என்ன நடந்தது என்பதையும் அந்த வரியிலேயே சேர்க்கலாம். 'பருவம் வரவில்லை' என்று இரண்டு சொல் போதும்.

தேதியில் ஆண்டு முதலில் இருப்பதைக் கவனியுங்கள். பிறகு மாதம். கடைசியில் நாள். இது வழக்கத்துக்கு மாறானதுதான். ஆனால் 5-6-2026 என்று எழுதினால் சிலர் ஜூன் 5 என்பார்கள். சில கைப்பேசிகள் மே 6 என்று எடுத்துக்கொள்ளும். ஆண்டு முதலில் இருந்தால் இந்தக் குழப்பம் இல்லை. இன்னொரு பயனும் உண்டு. தேடும் இடத்தில் 2026-08 என்று அடித்தால் போதும். எல்லா மாட்டுக்கும் ஆகஸ்ட் மாதத்தில் உள்ள வேலைகள் தெரியும். மாதம் பிறந்ததும் ஒரு முறை இப்படித் தேடிப் பார்த்தால் அந்த மாத வேலை கைக்கு வந்துவிடும்.

வேறு என்னென்ன எழுதலாம்? காதில் போட்ட வில்லையின் 12 இலக்க எண்ணை எழுதலாம். கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை. அந்தத் தேதியை எழுதலாம். மடிநோய்க்கு மருந்து கொடுத்தால் சில நாட்கள் அந்தப் பாலை விற்கக் கூடாது. எத்தனை நாள் என்று மருத்துவர் சொல்வார். 'இந்தத் தேதி முதல் பால் ஊற்றலாம்' என்று உடனே எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பாலைக் குழந்தைகள் குடிப்பார்கள் அல்லவா? கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கப் பல மாநிலங்களில் 1962 என்ற எண் இருக்கிறது. அதைக் குறிப்பின் முதல் வரியில் வைக்கலாம்.

வங்கி அட்டையின் ரகசிய எண்ணை மட்டும் இங்கே எழுதக் கூடாது. குறிப்பு பலர் கண்ணில் படும்.

எழுத்துக் கூட்டி அடிக்க நேரம் ஆகிறதா? ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசலாம். கைப்பேசி எழுதிக்கொள்ளும். ஆனால் எண்களில் தவறு வரும். தேதியை மட்டும் கையால் அடிப்பது நல்லது.

குறிப்பு ஏன் தவறுகிறது?

'தேதி எழுதினேன். மணி அடிக்கவில்லையே!' பலருடைய முதல் குறை இதுதான். குறிப்பு மணி அடிக்காது. அது எழுத்து மட்டுமே. மணி வேண்டும் என்றால் கைப்பேசியின் நாட்காட்டியிலோ கடிகாரத்திலோ தனியாக வைக்க வேண்டும். வைத்த மணியும் சில நேரம் அடிப்பதில்லை. ஏன்? மின்கலத்தை மிச்சப்படுத்தும் அமைப்பு சில கைப்பேசிகளில் நினைவூட்டலைத் தூங்க வைத்துவிடும். 'தொந்தரவு செய்யாதே' என்ற அமைப்பு போட்டிருக்கலாம். தேதியே தவறாக இருக்கலாம். இந்த மூன்றையும் பார்த்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து அடிக்கும்படி ஒரு மணி வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். எல்லா வேலைக்கும் மணி வைக்க வேண்டாம். தினமும் பத்து முறை அடித்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். 21ஆம் நாளுக்கும் கன்று ஈனும் நாளுக்கும் வைத்தால் போதும்.

அடுத்த தவறு இன்னும் பெரியது. லட்சுமிக்கு ஜனவரி 31இல் மீண்டும் பருவம் வந்துவிட்டது. மறுபடி ஊசி போட்டார்கள். புதிய வரியும் எழுதினார்கள். ஆனால் பழைய வரிகளை மாற்றவில்லை. ஆகஸ்ட் 18 வந்தது. குறிப்பைப் பார்த்துக் கறவையை நிறுத்தினார்கள். உண்மையில் நிறுத்த வேண்டிய நாள் செப்டம்பர் 8. மூன்று வாரப் பால் நட்டம். இது குறிப்பின் பிழை அல்ல. ஊசியின் நாள் மாறினால் அதற்குக் கீழே உள்ள எல்லா நாளும் மாறும். எனவே புதிய ஊசி போட்டதும் பழைய பாக்கி வரிகளை அழித்துவிட்டு, புதிதாக எண்ணி எழுத வேண்டும்.

ஆனால் பழைய ஊசி வரியை அழிக்கக் கூடாது. மூன்று தடவை ஊசி போட்டும் சினை பிடிக்காவிட்டால் மாட்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். எந்தெந்தத் தேதியில் ஊசி போட்டீர்கள் என்று அவர் கேட்பார். அந்த வரிகள்தான் பதில். 21 நாள் இடைவெளியில் பருவம் வந்ததா, தாறுமாறாக வந்ததா என்று அதைப் பார்த்து அவர் தெரிந்துகொள்வார்.

தேடினால் கிடைக்கவில்லையா? கைப்பேசி எழுத்தைத்தான் பார்க்கும். பொருளைப் பார்க்காது. 'மாடு' என்று தேடினால் 'மாட்டுக்கு' என்ற சொல் வராது. 'மாட' என்ற இரண்டு எழுத்து மட்டும் தேடினால் பெரும்பாலும் இரண்டும் கிடைக்கும். துணைக்காலுக்குப் பதில் 'ர' அடித்திருந்தாலும் கிடைக்காது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும். கைப்பேசிக்கு வேறு வேறு. சொல்லைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். சிலர் 'பாக்கி' என்பதற்குப் பதில் 'செய்' என்று எழுதுகிறார்கள். அதைத் தேடினால் 'செய்தாச்சு' என்ற வரியும் சேர்ந்து வரும். முடிந்ததும் முடியாததும் கலந்துவிடும். பால் பணம் பாக்கி என்று எழுதினாலும் இதே குழப்பம்தான். பணத்துக்கு 'வரவேண்டியது' என்று எழுதிக்கொள்ளலாம்.

ஜனவரியை 1 என்று எழுதாமல் 01 என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. குறிப்புகளை வரிசைப்படுத்தும்போது கைப்பேசி பெரும்பாலும் முதல் எழுத்தில் இருந்து ஒவ்வொன்றாக ஒப்பிடும். அப்போது 10, 2-க்கு முன்னால் வந்து நிற்கும். 02 என்று எழுதினால் சரியான இடத்துக்குப் போகும்.

சில நேரம் தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரியும். அல்லது கேள்விக்குறிகள் வரும். குறிப்பைக் கணினிக்கு மாற்றும்போது இது நடக்கும். பதற வேண்டாம். கைப்பேசிக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் இருக்கிறது. 1991இல் வந்த யூனிகோடு என்ற உலகப் பட்டியலில் தமிழுக்கும் எண் கொடுத்தார்கள். எண் சரியாக இருந்து, காட்டும் எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம் தெரியும். எழுத்து அழியவில்லை. ஆனால் அந்த நிலையில் எதையும் திருத்திச் சேமிக்கக் கூடாது. சேமித்தால் கேள்விக்குறியே நிலைத்துவிடலாம். சேமிக்காமல் மூட வேண்டும். பிறகு 'யூடிஎஃப்-8' என்ற முறையில் திறக்கும்படி கணினி மையத்தில் சொன்னால் பெரும்பாலும் தமிழ் திரும்பி வரும்.

கை தவறி அழித்துவிட்டால் உடனே பின்னோக்கி வளைந்த அம்புக்குறியைத் தொட வேண்டும். முழுக் குறிப்பே போய்விட்டால் குப்பைத்தொட்டிப் படத்துக்குள் பார்க்கலாம். அங்கே சில நாட்கள் மட்டும் இருக்கும். ஒரு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

வீட்டில் இருவர் எழுதினால் ஒரு சிக்கல் வரும். மாமியார் ஒரு கைப்பேசியில் எழுதுவார். மருமகள் இன்னொன்றில் எழுதுவார். எது சரி என்று தெரியாது. ஒரு கைப்பேசியில் மட்டும் எழுதி, மற்றவருக்கு நகல் அனுப்ப வேண்டும். மருமகள் கண்டதை மாமியார் வாயால் சொல்லச் சொல்லி எழுதினாலும் சரி. எழுதும் இடம் ஒன்றாக இருக்க வேண்டும்.

கைப்பேசி தண்ணீர்த் தொட்டியில் விழலாம். மாட்டுக் கொட்டகையில் இது அடிக்கடி நடப்பது. எனவே மாதம் ஒரு முறை பாக்கி வரிகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொட்டகைக் கதவின் உள்பக்கம் ஒட்டலாம். முழுக் குறிப்பையும் மகனுக்கோ மகளுக்கோ செய்தியாக அனுப்பி வைக்கலாம். புதிய கைப்பேசி வாங்கினால் அங்கிருந்து திரும்பப் பெறலாம்.

கன்று ஈன்றதும் அன்றைய தேதியைப் போட்டு 'ஆச்சு' என்று எழுத வேண்டும். கிடாரியா, காளைக்கன்றா என்றும் குறிக்க வேண்டும். கிடாரி என்றால் அதன் பெயரில் புதிதாக ஒரு நட்சத்திரம் போட்டு எழுதத் தொடங்கலாம். தாய்க்கு அடுத்த பருவத்தைக் கவனிக்கும் வரியையும் அன்றே சேர்த்துவிடலாம்.