மரபியலின் புல், மரப் பாகுபாடும் வித்திலை வகைப்பாடும்

தொல்காப்பிய மரபியல் புறத்தே காழ் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே காழ் உடையவற்றை மரம் என்றும் பகுக்கிறது. இதனை ஒருவித்திலை, இருவித்திலைப் பாகுபாட்டோடு ஒன்றெனக் கொள்ளும் கருத்து மறுபார்வைக்குரியது.

பனை, தெங்கு, மூங்கில் ஆகியவற்றில் இரண்டும் பொருந்துகின்றன. பனையின் தண்டில் சிதறிக் கிடக்கும் சாற்றுக்குழாய்க் கற்றைகள் விளிம்பையொட்டி நெருங்கி இறுகுவதால் வைரம் புறத்தே அமைகிறது. தேக்கிலோ புதிய கட்டை வெளிப்புறமாக வளர வளர, பழைய நடுப்பகுதி வைரமாகிறது.

ஆயின் 1682இல் ஜான் ரே கொண்ட அளவுகோல் விதையினுள் அமைந்த வித்திலைகளின் எண்ணிக்கை. மரபியலின் அளவுகோல் காழ் நிற்கும் இடம். அளவுகோல் வேறாதலின் எல்லையும் வேறாகிறது. இமயத்துத் தேவதாரு அகக்காழ் உடையது. எனினும் அது வித்துமூடாத் தாவரம், இருவித்திலையுள் அடங்காது.

மேலும், மரபியலின் நோக்கம் சொல்வழக்கை வரையறுத்தலே எனலாம். மடல், ஓலை, பாளை, ஈர்க்கு, குலை முதலியவற்றைப் புல்லுக்கும், இலை, தளிர், சினை, அரும்பு முதலியவற்றை மரத்துக்கும் அது உரியனவாக்குகிறது. இவ்வகையில் வாழை தனித்து ஆராயத்தக்கது. ஒருவித்திலைத் தாவரமாகிய அதற்கு அகத்தும் புறத்தும் காழில்லை. தண்டெனத் தோன்றுவதும் இலையடிகளின் சுருளே. வழக்கிலோ அது இலையை மரத்தின் பெயர்களிலிருந்தும், குலையைப் புல்லின் பெயர்களிலிருந்தும் பெற்று நிற்கிறது.