எந்த ட்ரம்பெட்டைக் கேட்பது?

ஹைடன் 1796-இல் எழுதிய ஒரே ட்ரம்பெட் கான்செர்ட்டோவுக்குப் பல டஜன் பதிவுகள். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது ஏன் சிக்கல்? காரணம் வாசிப்பவர்கள் மட்டுமல்ல. வாத்தியமே வேறு.

ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-இல் பெயர் மாறிய போர்ட் பிளேரிலிருந்தும் 500 கி.மீ.க்கு மேல் தெற்கே, கிரேட் நிகோபார் தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது கேம்பல் பே. 1969 முதல் முன்னாள் ராணுவ வீரர்களின் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்தியதில் வளர்ந்த ஊர். 2012-இல் 'ஐ.என்.எஸ். பாஸ்' கடற்படை விமானத் தளமும் வந்து சேர்ந்தது. பியூகிள் சத்தம் புதிதில்லாத ஊர். இசைத்தட்டுக் கடையைத் தேடி யாரும் போகாத ஊர். ஆனால் 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி, சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கி.மீ. நீளத்துக்குப் போடப்பட்ட ஃபைபர் கேபிள் தொடங்கி வைக்கப்பட்டது. அது எட்டும் தீவுகளில் கிரேட் நிகோபாரும் ஒன்று. வியன்னாக்காரருக்குக் கிடைக்கும் பதிவுகள் கேம்பல் பேக்காரருக்கும் கிடைக்கின்றன, கேபிளும் மின்சாரமும் ஒத்துழைத்தால். ஹைடனின் ட்ரம்பெட் கான்செர்ட்டோ என்று தேடினால் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. புதிதாகக் கேட்க வருபவர் எங்கே ஆரம்பிப்பது?

பியூகிளிலேயே ஆரம்பிக்கலாம். அதில் துளை கிடையாது, பொத்தான் கிடையாது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ஊத வேண்டும். குழாய் தானாகக் கொடுக்கிற சுரங்கள் மட்டும்தான் வரும். வீரர்களை எழுப்புவதும், சாப்பாட்டுக்கு அழைப்பதும், இறந்தவருக்கு அஞ்சலி செலுத்துவதும் எல்லாமே ஐந்து சுரங்களுக்குள். நம் கோயில்களின் எக்காளமும் திருச்சின்னமும் இதே ஜாதிதான். சுவாமி வருகிறார் என்று அறிவிக்கலாம், ஆலாபனை செய்ய முடியாது. 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் ட்ரம்பெட்டும் அப்படித்தான் இருந்தது. உச்சஸ்தாயியில் சுரங்கள் நெருங்கி வரும் என்பதால் பாக் காலத்துக் கலைஞர்கள் அங்கே ஏறி நின்று மெட்டுக் கட்டினார்கள். கீழே இறங்கினால் பழையபடி முழக்கம்தான்.

வியன்னா அரசவையின் ட்ரம்பெட் கலைஞர் ஆன்டன் வைடிங்கருக்கு இது போதவில்லை. குழாயின் பக்கவாட்டில் துளைகள் போட்டு, விரலால் திறந்து மூடும் சாவிகள் பொருத்திய வாத்தியம் ஒன்றைக் கையில் எடுத்தார். இப்போது கீழ்ஸ்தாயியிலும் வரிசையாக எல்லாச் சுரங்களும் வந்தன. அவருக்காகத்தான் 1796-இல் ஜோசப் ஹைடன் இந்தக் கான்செர்ட்டோவை எழுதினார். ஹைடனுக்கு அப்போது 64 வயது. ஆனால் அரங்கேற்றம் 1800 மார்ச் 28 வரை காத்திருந்தது. வாத்தியத்தைச் சரிக்கட்ட வைடிங்கருக்கு அத்தனை காலம் தேவைப்பட்டிருக்க வேண்டும்.

ஹைடன் குறும்புக்காரர். முதல் பகுதியின் தொடக்கத்தில் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்துக்கொண்டிருக்கும்போது ட்ரம்பெட் ஓரிரு இடங்களில் பழைய பாணியில் முழங்கிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறது. பியூகிளுக்கு அண்ணன் என்று சபை நினைத்துக்கொண்டிருக்கும். பிறகு தனி வாசிப்பு தொடங்குகிறது: கீழ்ஸ்தாயியில், படிப்படியாக, அடுத்தடுத்த சுரங்கள். ட்ரம்பெட்டால் முடியவே முடியாது என்று எல்லோரும் அறிந்திருந்த காரியம். அன்றைய வியன்னா ரசிகருக்கு அது திருச்சின்னம் தோடி பாடியதற்குச் சமம்.

இந்த இடத்தில்தான் பதிவுகளின் சிக்கல் ஆரம்பமாகிறது. 1810களில் ஜெர்மனியில் வால்வு கண்டுபிடிக்கப்பட்டது. மூன்று வால்வுகள் இருந்தால் எந்தச் சுரத்தையும் சுத்தமாக எடுக்கலாம். சாவி ட்ரம்பெட் சில பத்தாண்டுகளில் வழக்கொழிந்தது. கான்செர்ட்டோவும் நூறாண்டுக்கு மேல் ஏறக்குறைய மறக்கப்பட்டு, 20-ஆம் நூற்றாண்டில்தான் அச்சேறியது. அதைப் பிரபலமாக்கியதில் பெரிய பங்கு ஒரு கிராமபோன் தட்டுக்கு உண்டு. 1938-இல் ஆங்கிலேயரான ஜார்ஜ் எஸ்க்டேல் வாசித்தது. அதில் இரண்டாம், மூன்றாம் பகுதிகள் மட்டுமே இருக்கின்றன. பெரிய தட்டின் ஒரு பக்கத்தில் நான்கைந்து நிமிடம்தான் கொள்ளும். ஆறு நிமிடத்தைத் தாண்டும் முதல் பகுதி அடங்காது. ஹைடன் வைத்த அந்தக் குறும்பு இல்லாமலேயே ஒரு தலைமுறை இந்தக் கான்செர்ட்டோவைக் காதலித்தது.

தமிழ் ரசிகருக்கு இந்த அனுபவம் உண்டு. இரவு முழுக்க நீளும் வீதியுலாவில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை விரிவாக வாசித்த தோடியை இசைத்தட்டு சில நிமிடங்களுக்குள் அடக்கியது. 1956-இல் அவர் மறைந்த பிறகு பிறந்தவர்களுக்கு இசைத்தட்டிலும் வானொலிப் பதிவிலும் இருப்பதுதான் ராஜரத்தினம்.

எஸ்க்டேலுக்குப் பிறகு வந்த பதிவுகளில் மிகப் பெரும்பாலானவை வால்வு ட்ரம்பெட்டில் வாசித்தவை. சிறு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர் மோரிஸ் ஆந்த்ரே (1933-2012) இதைப் பலமுறை பதிவு செய்தார். பளபளப்பான, எங்கும் தடங்காத ஊதல். அடுத்த தலைமுறையில் இரண்டு பேர். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த விண்டன் மார்சாலிஸும் சுவீடனின் ஹோகன் ஹார்டன்பெர்கரும். இருவரும் பிறந்தது ஒரே மாதம், 1961 அக்டோபர். ஜாஸ் உலகிலிருந்து வந்த மார்சாலிஸ் 21 வயதில், ரேமண்ட் லெப்பர்ட் நடத்திய ஆர்க்கெஸ்ட்ராவுடன் வாசித்த பதிவு 1983-இல் வெளியானது. அடுத்த ஆண்டு கிராமி விழாவில் ஜாஸுக்கும் மேற்கத்திய சாஸ்திரிய இசைக்கும் சேர்த்துப் பரிசு வாங்கினார். ஒரே ஆண்டில் இரண்டிலும் வென்ற முதல் கலைஞர். வாலிப வேகம் அந்தப் பதிவின் பலம். மூன்றாம் பகுதியில் அதைக் கேட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டால் மந்தமாகத் தோன்றும். பத்தாண்டுக்குப் பின் அதே லெப்பர்டுடன் மீண்டும் பதிவு செய்தார். பரிசு பெற்றதையே திரும்பவும் வாசிக்கிறவர்கள் அதிகம் இல்லை.

நெவில் மாரினர் நடத்த ஹார்டன்பெர்கர் 1980களில் செய்த பதிவு வேறு ரகம். ஒவ்வொரு சுரமும் கண்ணாடியில் செதுக்கியதுபோல இருக்கும். 'எதை வாங்குவது?' என்ற கேள்விக்கு அதையே பதிலாகச் சொல்லிவிடலாம். 2009-இல் லண்டன் ப்ராம்ஸ் விழாவின் கடைசி இரவில் இதே கான்செர்ட்டோவை வாசித்த அலிசன் பால்சமின் பதிவும் உண்டு. ப்ரெமன் நகரின் சிறு ஆர்க்கெஸ்ட்ராவுடன், இன்னும் இலேசாக.

இவை எல்லாவற்றிலும் ஒரு குறை. வால்வுக்கு எந்தச் சுரமும் கஷ்டமில்லை. கஷ்டமில்லாததால் ஆச்சரியமும் இல்லை. 1800-இல் சபையைத் திகைக்க வைத்த அந்தப் படிப்படியான ஏற்றம், இன்று பள்ளிக்கூட பேண்டில் முதல் மாதமே கற்றுக்கொள்கிற வரிசை. ஹார்டன்பெர்கர் எத்தனை அழகாக ஊதினாலும் அங்கே ஏதோ நடக்கிறது என்று கேட்பவருக்குத் தெரியாது.

அது தெரிய வேண்டுமானால் ஃப்ரீடெமான் இம்மரைக் கேட்க வேண்டும். ஜெர்மானியரான இவர் 1980களில் கிறிஸ்டோபர் ஹாக்வுட்டின் 'அகாதமி ஆஃப் ஏன்ஷியன்ட் மியூசிக்' குழுவோடு, வைடிங்கர் பாணிச் சாவி ட்ரம்பெட்டில் இதைப் பதிவு செய்தார். முதல் தடவை கேட்பவருக்கு ஏமாற்றம்தான். சத்தம் சின்னது. ஒரு சுரம் பளிச்சென்று வருகிறது, பக்கத்துச் சுரம் போர்வைக்குள்ளிருந்து வருகிறது. காரணம் எளிது. சாவியைத் திறந்தால் காற்றொலி குழாயின் அகன்ற வாய் வழியாக மட்டும் வராமல் பக்கத் துளை வழியாகவும் வெளியேறுகிறது. ஒலியின் நிறம் மாறிவிடுகிறது. சில இடங்களில் ட்ரம்பெட் என்றே தோன்றாது. ஓபோவோ கிளாரினெட்டோ என்று காது ஏமாறும்.

நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அவ்வளவு அந்நியமில்லை. துளையைப் பாதி மூடியும், சீவாளியில் மூச்சை அடக்கியும் சுரத்தைப் பிடிப்பதை அது அறியும். சுத்த மத்யமம் பழைய நாயனங்களில் இப்படிப் போராடிப் பெற்றதுதான். உயர்ந்த சுருதியில் ஒலித்த குட்டையான திமிரி நாயனத்தின் இடத்தில் நீண்ட பாரி நாயனத்தை ராஜரத்தினம் நிலைநிறுத்தினார். சுத்த மத்யமம் இயல்பாகப் பேசும்படி அதைச் செதுக்கிக் கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த ஊர் நாதஸ்வரத்தின் பெருமைக்கு அவர் கைக்கும் பங்கு உண்டு. இன்று எல்லோர் கையிலும் பாரிதான். அந்த மாற்றத்தில் லாபம் பெரிது. திமிரியின் கூர்மை போனதும் உண்மை. ஆனால் ஒரு வித்தியாசம்: ராஜரத்தினம் தனக்கு வேண்டிய வாத்தியத்தில் வாசித்ததையே நாம் கேட்கிறோம். வைடிங்கர் வாசித்ததைக் கேட்டவர் எவரும் இப்போது இல்லை. இம்மரின் வாசிப்பும் ஒரு ஊகம்தான், நல்ல ஊகம்.

இன்னொரு விஷயம். முதல் பகுதியின் இறுதியில் ஆர்க்கெஸ்ட்ரா நின்றுவிட, கலைஞர் தன் மனோதர்மத்துக்கு வாசிக்கும் 'காடென்சா' என்ற இடம் உண்டு. அங்கே ஹைடன் எதுவும் எழுதி வைக்கவில்லை. ஆகவே பதிவுக்குப் பதிவு அது வேறு. சிலர் அதில் சர்க்கஸ் காட்டுகிறார்கள். கிடைத்த சுதந்திரத்தின் மகிழ்ச்சி போலும்.

முழுக் கான்செர்ட்டோவும் கால் மணி நேரம். ஒப்பிட்டுப் பார்க்க அவ்வளவு கூடத் தேவையில்லை, நடுப் பகுதி போதும். ஆண்டான்டே என்ற அந்த மெதுவான பகுதி நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முழக்கம் இல்லை, வேகம் இல்லை; தாலாட்டு மாதிரி ஒரு மெட்டு. பியூகிளில் நினைத்தும் பார்க்க முடியாதது. முதலில் எஸ்க்டேல், தட்டின் கரகரப்போடு. அடுத்து ஹார்டன்பெர்கர், பிசிறே இல்லாமல். கடைசியில் இம்மர். மெட்டு திரும்பிக் கீழே இறங்கும் இடத்தில் அவருடைய ட்ரம்பெட் ஒரு சுரத்துக்குக் குரல் கம்முகிறது, அடுத்த சுரத்தில் தெளிகிறது. அதற்குப் பிறகு ஹார்டன்பெர்கரிடம் திரும்பிப் போனால், முன்பு கவனிக்காத அதே இடத்தில் காது தானாக நிற்கும்.